அம்பை பக்கம் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது தாமிரபரணியின் தென்கரையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில். இப்போது இருப்பது சென்னையில். "உங்க ஊர்ப் பக்கம் போறோம்" என்று யாராவது போன் செய்தால் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

"அம்பை பக்கம், அம்பை பக்கம்னு சொல்றீங்க. அது சரியா எங்க இருக்கு?"

அம்பை என்பது அம்பாசமுத்திரம். திருநெல்வேலியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் பத்து கிலோமீட்டர் போனால் பாபநாசம், மலையடிவாரம். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி இந்தப் பாபநாசத்தில்தான் சமவெளியில் இறங்குகிறது. மொத்தமே 128 கிலோமீட்டர்தான் ஆறு. தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே புன்னக்காயலில் கடலில் சேர்ந்துவிடுகிறது.

நான் "அம்பை பக்கம்" என்று சொல்வது பாபநாசத்திலிருந்து சேரன்மாதேவி வரை ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஊர்களை. வடகரையில் விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், மன்னார்கோயில், பிரம்மதேசம். தென்கரையில் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மாதேவி, பத்தமடை. வடமேற்கே கொஞ்சம் தள்ளி ஆழ்வார்குறிச்சி, சிவசைலம், கடையம். இந்தக் கடைசி மூன்றும் 2019-இல் மாவட்டம் பிரித்தபோது தென்காசிக்குப் போய்விட்டன.

பெயர்களில் ஒரு எச்சரிக்கை. பஸ்ஸில் யாரும் முழுப்பெயர் சொல்ல மாட்டார்கள். அம்பை, கல்லிடை, சேர்மாதேவி, வி.கே.புரம் என்றுதான் கண்டக்டர் கூவுவார்.

"பாபநாசம் தஞ்சாவூர் பக்கம்தானே? ரயில் டிக்கெட் போட்டா அங்கதான் காட்டுது!"

வருடத்துக்கு ஒருவராவது இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ரயில் நிலையம் இருக்கிற பாபநாசம் தஞ்சை மாவட்டத்தில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ளது. நம் பாபநாசத்துக்கு ரயில் கிடையாது. அம்பாசமுத்திரம் என்று போட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் திருநெல்வேலியில் இறங்கிக்கொள்ளலாம்.

பிரம்மதேசம் என்ற பெயரிலும் வட மாவட்டங்களில் ஊர்கள் இருக்கின்றன. மேப்பில் போடும்போது "அம்பாசமுத்திரம் பிரம்மதேசம்" என்று சேர்த்துப் போடுங்கள்.

"எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?"

எல்லாரும் கேட்பது இதுதான், ஆனால் கேட்கும் விதம் தவறு. மாதத்தைப் பார்க்காதீர்கள், போகத்தைப் பாருங்கள். இங்கே இரண்டு போகம் நெல். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, அணையில் தண்ணீர் இருந்தால் கால்வாய் திறப்பார்கள். அது கார் சாகுபடி. செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் அறுப்பு. அப்புறம் வடகிழக்குப் பருவமழையை நம்பி பிசானம். ஐப்பசி, கார்த்திகையில் நட்டு, மாசி, பங்குனியில் அறுப்பார்கள். இரண்டு மழையும் வாங்குகிற ஆறு என்பதால்தான் இரண்டு போகமும் நடக்கிறது.

கண் நிறையப் பச்சை வேண்டுமென்றால் ஜூலை பாதி முதல் ஆகஸ்ட் வரை வாருங்கள். மலையிலிருந்து சாரல் வந்துகொண்டே இருக்கும், வெயில் உறைக்காது, குற்றாலம் சீசனும் அதே நேரம். தொளி அடிப்பதையும் (நடவுக்கு முன் வயலைச் சேறாக உழுவது) நடவையும் பார்க்க ஆசை என்றால் ஜூன் கடைசி. என்னைக் கேட்டால் தை மாதம்தான். மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல இருக்கும், பிசானப் பயிர் பொதி கட்டி நிற்கும், காலையில் பொதிகை மடிப்பு மடிப்பாகத் தெரியும்.

நவம்பர், டிசம்பரில் கொஞ்சம் யோசியுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் இந்த ஆறு என்ன செய்தது என்று நாடே பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஏப்ரல், மே வேண்டாம். கால்வாய் அடைத்திருப்பார்கள், வயல் தரிசாகக் கிடக்கும். வாழைத் தோட்டம் மட்டும்தான் பச்சை.

"ஒரே நாள்ல எல்லாத்தையும் பாத்துரலாமா?"

பாபநாசம் கோயில், அகத்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி, திரும்பும்போது நெல்லையில் அல்வா. டூரிஸ்ட் வேன்காரர்கள் ஒரு நாளில் இதை முடித்துவிடுவார்கள். ஆனால் அதில் வழியிலிருக்கும் ஊர்கள் ஒன்றும் வராது.

மூன்று நாள் வையுங்கள். ஒரு நாள் வடகரை, ஒரு நாள் தென்கரை, ஒரு நாள் மலையடிவாரம். இரண்டு நாள்தான் முடியுமென்றால் அருவியை விட்டுவிடுங்கள். அருவி எல்லா ஊரிலும் இருக்கிறது.

"கார் எடுக்கணுமா, பஸ்லயே சமாளிச்சிரலாமா?"

திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்திலிருந்து பாபநாசம் பஸ் அடிக்கடி உண்டு. பெரும்பாலும் சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடை, அம்பை வழி. ஆக, தென்கரை ஊர்களை பஸ்ஸிலேயே ஏறி இறங்கிப் பார்த்துவிடலாம். திருநெல்வேலி–தென்காசி ரயிலும் இதே ஊர்கள் வழியாகத்தான் போகிறது. வண்டி எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒரு தடவையாவது அதில் போங்கள். கல்லிடைக்கும் அம்பைக்கும் நடுவே ரயில் ஆற்றைக் கடக்கும்போது வாசல் பக்கம் கூட்டமாக இருந்தால் ஜன்னல் சீட் போதும். இரண்டு பக்கமும் வயல்தான்.

வடகரைக்கு, அதாவது மன்னார்கோயில், பிரம்மதேசம், திருவாலீசுவரம் சுற்ற, அம்பையில் ஒரு ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். எல்லாம் சில கிலோமீட்டருக்குள்தான். முன்கூட்டியே வாடகை பேசிவிட்டு ஏறுங்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம், பூமி சமதளம்.

"தங்குறது எங்க?"

அம்பையிலும் பாபநாசம் பக்கத்திலும் சாதாரண லாட்ஜுகள் உண்டு. ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், அந்த வாரம் அறை கிடைக்காது. குழந்தைகள், பெரியவர்களோடு வந்து கொஞ்சம் வசதி எதிர்பார்த்தால் திருநெல்வேலியிலேயே தங்கி, காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்பது கோயில் பூட்டு பற்றிய கேள்வியில் வரும்.

"எங்களுக்குக் கோயில்ல அவ்வளவு ஆர்வம் இல்ல. அப்ப அங்க என்ன இருக்கு?"

தண்ணீர் இருக்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த ஊர்கள் ஏன் இந்த இடத்தில் இருக்கின்றன என்பதற்குப் பதிலே அந்தக் கால்வாய்கள்தான். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்ன ஸ்ரீவைகுண்டம்தான் வெள்ளைக்காரன் காலத்தது, 19-ஆம் நூற்றாண்டு. மற்ற ஏழும் அதற்கு முன்பே அரசர்கள் காலத்தில் கட்டியவை. இவற்றிலிருந்து பிரிகிற கால்வாய்கள் பதினொன்று. நதியுண்ணி என்ற பெயரைக் கவனியுங்கள், நதியை உண்ணுகிறதாம். இப்படிப் பெயர் வைத்தவன் இன்ஜினியராக மட்டும் இருந்திருக்க முடியாது.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவர், தனக்குக் கிடைத்த செல்வத்தை அம்பாசமுத்திரத்து அர்ச்சகரிடம் கொடுத்து வைத்துவிட்டு அகத்தியரைத் தேடி மலைக்குப் போனார். திரும்பி வந்து கேட்டால் அர்ச்சகர் ஏமாற்றப் பார்த்தார். பொய்ச்சத்தியம் செய்த அவரை இறைவன் எரித்துவிட்டதால் அந்தச் சாமிக்கு எரிச்சாவுடையார் என்று பெயர். மீட்ட பணத்தில் பிரம்மச்சாரி கால்வாய் வெட்டினார். எந்தத் தடத்தில்? ஒரு பசு நடந்துபோன வழியில். நெளிந்து நெளிந்து போகிற கால்வாயைப் பார்த்தால் அந்தப் பசு புல் பார்த்து மேய்ந்துகொண்டே போயிருக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது நிலத்தின் சரிவைப் பிடித்துப் போகிற நெளிவு.

செய்ய வேண்டியது இதுதான். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இறங்கி கால்வாய்க் கரையோடு ஒரு மணி நேரம் நடங்கள். படித்துறை, மதகு, மடை, அங்கங்கே குளத்துக்குப் பிரியும் வாய்க்கால், குளம் நிறைந்தால் வெளியேறும் கலுங்கு, எல்லாம் வரிசையாக வரும். வயதானவர் யாராவது வரப்பில் நின்றால் பேச்சுக் கொடுங்கள். "உங்களுக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு?" என்று கேட்டுப் பாருங்கள். ஏக்கர் வருவதற்கு முன்னால் எவ்வளவு விதை விதைக்கலாம் என்பதை வைத்து மரக்கால், கோட்டை என்றுதான் நிலத்தை அளந்தார்கள். பெரியவர்கள் வாயில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது.

அம்பையில் 1937-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. உங்கள் வீட்டில் இட்லி அரிசி என்று வாங்குகிற குண்டு அரிசியில் அம்பை 16 என்ற ரகம் இருக்கலாம். அது 1986-இல் இங்கிருந்து வெளியானது.

"கோயில் பாக்கிறவங்கதான் நாங்க. ஆனா நாலு அஞ்சுதான் முடியும். எதை எடுக்கிறது?"

முதலில் மன்னார்கோயில் ராஜகோபாலசுவாமி கோயில். 11-ஆம் நூற்றாண்டில் சேர மன்னன் ராஜசிம்மன் கட்டி, சோழ மன்னன் ராஜேந்திரன் பெயரில் ராஜேந்திர விண்ணகரம் (விண்ணகரம் என்றால் பெருமாள் கோயில்) என்று வைத்தான். பாண்டிய நாட்டில், சேரன் கட்டிய, சோழன் பெயர் கொண்ட கோயில்! அந்தக் காலத்து அரசியல் முழுதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. விமானத்துக்குள் படியேறினால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நிலை: நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம். குலசேகர ஆழ்வார் தம் கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கேதான் என்பது நம்பிக்கை.

அடுத்தது திருவாலீசுவரம். சின்னக் கோயில், சோழர் காலம், தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. விமானத்தைச் சுற்றியுள்ள சிற்பங்களை நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும். இந்தக் கோயிலின் பாதுகாப்பை "மூன்றுகை மகாசேனை" என்ற படை ஏற்றுக்கொண்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. கோயிலுக்குப் படை காவல்! அதற்கு அருகே பிரம்மதேசம் கைலாசநாதர் கோயில். சின்ன ஊருக்குச் சற்றும் பொருந்தாத பிரம்மாண்டம். ராஜகோபுர வாசலைத் தாண்டியதும் தலையைத் தூக்கி மரவேலையைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.

நான்காவது திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம். வீரவநல்லூரிலிருந்தும் போகலாம், முக்கூடலிலிருந்தும் போகலாம். இந்தக் கோபுரத்தின் உள்நிலைகளில் நாயக்கர் காலத்து ஓவியங்களும் மரச் சிற்பங்களும் நிறைந்திருக்கின்றன. போர்க்காட்சி இருக்கிறது, கப்பலில் குதிரை வந்திறங்குவது இருக்கிறது. கோபுரம் பூட்டித்தான் இருக்கும், அனுமதி கேட்டால்தான் உள்ளே விடுவார்கள். கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை, வெளியே மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும். அதற்காகவே 2005-இல் இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைத் தொந்தரவு செய்வதில்லை. நீங்களும் கை தட்டிப் பறக்கவிட்டுப் போட்டோ எடுக்காதீர்கள்.

ஐந்தாவது உங்கள் விருப்பம். நவகைலாயம் என்கிற ஒன்பது சிவன் கோயில்களைச் சுற்றுகிறவர்களுக்கு ஒன்பதில் இரண்டு, பாபநாசமும் சேரன்மாதேவியும், இந்தப் பக்கம் வந்துவிடும். மீதி ஏழும் கிழக்கே. இல்லையென்றால் கடையம் பக்கத்தில் பொட்டல்புதூர் தர்கா. கோயில் பாணியில் கட்டிய தர்கா, கந்தூரியின்போது யானை வரும், எல்லா மதத்தாரும் போவார்கள்.

"போனா கோயில் பூட்டியிருக்கே, என்ன பண்றது?"

நானே விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நண்பகல் 12 மணிக்குப் பிரம்மதேசத்தில் போய் நின்றிருக்கிறேன். பூட்டு. அன்றைக்கு நாங்கள் பார்த்தது கோபுரத்தின் நிழலும் ஒரு ஆட்டுக்குட்டியும்தான்.

இவை ஊர்க்கோயில்கள். ஒரே அர்ச்சகர் இரண்டு மூன்று கோயில் பார்ப்பதும் உண்டு. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம், அவ்வளவுதான். காலை ஏழரையிலிருந்து பத்துக்குள் முக்கியமான இரண்டை முடித்துவிடுங்கள். நண்பகலைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிட்டு, ஐந்தரைக்கு மேல் அடுத்ததைப் பாருங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். "சாமி வீடு எது அண்ணாச்சி?" என்றால் கூட்டிக்கொண்டே போய்விடுவார்கள். திறந்து வைத்தவருக்குத் தட்டில் ஏதாவது போடுங்கள்.

"அண்ணாச்சின்னு கூப்பிட்டா தப்பா நினைக்க மாட்டாங்களா? சென்னையில மளிகைக் கடைக்காரரைத்தானே அப்படிச் சொல்றோம்?"

கடைக்காரர்கள் இங்கிருந்து சென்னைக்கு வந்தார்கள், கூடவே சொல்லும் வந்தது. இங்கே அண்ணாச்சி என்பது வயதில் மூத்த எந்த ஆணையும் மரியாதையாக அழைக்கும் சொல். பெண்களை அக்கா, வயதானவர்களை ஆச்சி என்று கூப்பிடலாம். "ஏல" ("அடேய்" மாதிரி) மட்டும் வேண்டாம். அது எங்களுக்குள் மட்டும்.

"கல்லிடைக்குறிச்சி நடராஜர் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தாராமே, பாக்க முடியுமா?"

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் திருடுபோனவர். 2001-இல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகர அருங்காட்சியகம் ஒன்று விலைக்கு வாங்கியிருந்தது. அது இந்தக் கோயிலின் சிலைதான் என்று நிரூபணமாகி, 2019 செப்டம்பரில் திரும்பி வந்தார். 37 வருடம். ஊரே தெருவில் கோலம் போட்டுக் காத்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்கள்.

ஆனால் ஐம்பொன் திருமேனிகளைப் பாதுகாப்புக்காகப் பூட்டி வைப்பதுதான் இப்போது வழக்கம். போனதும் தரிசனம் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். கோயிலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

"அக்ரஹாரத்து வீடுகளை உள்ள போய்ப் பாக்கலாமா?"

தெருவில் நடக்கலாம். திண்ணை, தேக்குத் தூண், நீள நீளமான வீடுகள், பல பூட்டியே கிடக்கின்றன, பிள்ளைகள் மும்பையிலும் அமெரிக்காவிலும். திறந்திருக்கும் வீட்டில் யாராவது திண்ணையில் இருந்தால் பேசுங்கள். அவர்களாகக் கூப்பிட்டால் போங்கள். வாசலில் நின்று செல்பி எடுத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்ப்பது அசிங்கம்.

"சேரன்மாதேவி குருகுலம்னு படிச்சிருக்கேன். அது இந்த ஊர்தானா?"

இதே ஊர்தான். வ.வே.சு. ஐயர் 1922-இல் இங்கே குருகுலம் நடத்தத் தொடங்கினார். தேசியக் கல்வி, கைத்தொழில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பது என்பது பேச்சு. காங்கிரஸும் நிதி கொடுத்தது. ஆனால் பிராமண மாணவர்களுக்குத் தனிச் சாப்பாடு என்று தெரியவந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். 1925-இல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறுவதற்கு முன் நடந்த சச்சரவுகளில் இது பெரியது. தமிழ்நாட்டு அரசியல் திசை மாறிய இடங்களில் இந்தச் சின்ன ஊரும் ஒன்று.

இதையும் முந்தைய கேள்வியையும் சேர்த்தே யோசியுங்கள். ஆற்றங்கரையில் அழகான தெருக்கள் இருந்தன என்றால், அந்தத் தெருக்களுக்குள் நடக்க முடியாதவர்களும் அதே வயலில் தொளி மிதித்துக்கொண்டு இருந்தார்கள். பழைய வீட்டைப் பார்த்து "ஆகா, என்ன வாழ்க்கை" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அது உறுத்தும்.

"சாப்பாடு எப்படி? அல்வா தவிர ஏதாவது?"

சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு, இஞ்சிப் பச்சடியோடு சாப்பிடுவது. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் இதுதான் ராஜா. ஹோட்டலில் எல்லா நாளும் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள். அப்புறம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறும். இவையெல்லாம் வீட்டுச் சமையல், யாராவது தெரிந்தவர் வீடு இருந்தால் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். ஏத்தன் வாழைப்பழம் தோட்டத்து வாசலிலேயே வாங்கலாம்.

"வாங்கிட்டு வர என்ன இருக்கு?"

பத்தமடைப் பாய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் விலை கேட்டுவிட்டு "பாய்க்கா இவ்வளவு?" என்று திரும்புகிறவர்கள் நிறைய. ஆற்றங்கரைக் கோரையை வெட்டிக் காயவைத்து, கீறி, தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். கோரையை எவ்வளவு மெலிதாகக் கீறுகிறார்களோ அவ்வளவு பட்டு போல வரும். மடித்துப் பையில் வைத்துக்கொள்கிற மாதிரிப் பாய் அது. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். கல்யாணத்துக்குப் பொண்ணு, மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்து தருவார்கள், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நெய்கிற வீட்டிலேயே போய் ஒரு தடவை தறியைப் பார்த்துவிட்டால் விலை பற்றிக் கேட்கத் தோன்றாது. சும்மா தகவலுக்கு: ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர் பிறந்ததும் இந்தப் பத்தமடையில்தான், 1887-இல்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் எல்லாருக்கும் தெரியும். தாமிரபரணித் தண்ணீரால்தான் அந்த ருசி என்பார்கள், எதற்கு வம்பு, ஆமோதித்துவிடுங்கள். வீரவநல்லூரில் செடிபுட்டா சேலை, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அம்பையில் மரச் சொப்புச் சாமான்: மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய குட்டி அடுப்பு, குட்டி ஆட்டுரல். காருகுறிச்சியில் மண்பானை. நாதஸ்வர மேதை அருணாசலத்தின் ஊரும் அதுதான்.

"ஆத்துல குளிக்கலாமா? குழந்தைங்க வர்றாங்க."

குளிக்கலாம், ஆனால் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும், அவர்கள் நிற்கிற ஆழம் வரை மட்டும். மேலே தெளிவாக, சாதுவாகத் தெரியும். அடியில் பாறை, பள்ளம், சுழல். அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் சட்டென்று ஏறும். மழை நாளில் தண்ணீர் நிறம் மாறினால் உடனே கரையேறுங்கள்.

குருகுலம் நடத்தினார் என்று மேலே சொன்ன வ.வே.சு. ஐயர் இறந்ததும் இந்தத் தண்ணீரில்தான். 1925 ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரா விழுந்துவிட, காப்பாற்றக் குதித்தவரும் போய்விட்டார். கல்யாண தீர்த்தத்தைத் தூர நின்று பாருங்கள், போதும்.

"பாபநாசத்துல பழைய துணியை ஆத்துல விடணும்னு ஜோசியர் சொன்னாரு..."

தயவுசெய்து வேண்டாம். ஆற்றின் அடியிலிருந்து டன் கணக்கில் துணியை அள்ளுகிறார்கள். நீங்கள் விடுகிற வேட்டி அடுத்த அணைக்கட்டு மதகில் போய்ச் சிக்கும். இந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டமும் குடிக்கின்றன. பாவம் போக்க வந்து புதிதாக ஒன்று சேர்த்துக்கொண்டு போவானேன்?

"மாஞ்சோலை, பாணதீர்த்தம் போகலாமா? யூடியூப்ல சூப்பரா இருக்கு."

யூடியூப் வீடியோ எந்த வருடத்தது என்று பாருங்கள். இவை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. 1988-இல் அறிவித்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பாணதீர்த்தத்துக்கு முன்பு காரையார் அணையில் படகு விட்டார்கள், அது நின்றுபோனது. மாஞ்சோலை சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம். குத்தகை 2028-இல் முடிகிறது, 2024-இலேயே தோட்ட வேலை நின்று, தலைமுறைகளாக அங்கே இருந்த தொழிலாளர்கள் கீழே இறங்க வேண்டிய நிலை. அதைச் சுற்றுலாத் தலமாக மட்டும் நினைக்க எனக்கு மனசு வரவில்லை.

விதி அடிக்கடி மாறும். கிளம்புவதற்கு முதல் நாள் அம்பை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிடுவார்கள், வாதாடாதீர்கள்.

"வயல்ல இறங்கி போட்டோ எடுக்கலாமா? நாத்து நடுறவங்களோட?"

வரப்பில் நில்லுங்கள். வரப்பு மண்ணால் கட்டியது, செருப்போடு ஐந்து பேர் ஏறினால் சரியும், தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். அதற்காக ஊரில் வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது. நடவு நடுகிறவர்கள் கூலிக்கு வேலை பார்க்கிறவர்கள், குனிந்த முதுகோடு மணிக்கணக்காக நிற்பவர்கள். முதலில் பேசுங்கள், அப்புறம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

"இவ்வளவு தண்ணி இருந்தும் விவசாயம் குறையுதுன்னு சொல்றாங்களே, ஏன்?"

வந்து இரண்டு நாள் சுற்றினால் கண்ணில் படும்: வயலுக்கு நடுவே பிளாட் போட்ட கல். தண்ணீர் மட்டும் இருந்தால் நெல் விளையாது. நடவுக்கு ஆள் வேண்டும், கூலி கொடுத்தால் நெல் விலை கட்டுபடியாக வேண்டும். கார் சாகுபடிக்கு அணை திறக்குமா என்பது ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம்தான் தெரியும். வாழை போட்டவர்களுக்குச் சூறைக்காற்றும் காட்டுப்பன்றியும் கவலை. பெண்கள் பலர் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், பிள்ளைகள் கோயம்புத்தூர், சென்னை, துபாய். நானும் கிளம்பி வந்தவன்தானே.

ஆனால் ஒன்று. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த ஒரு 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், வரகுண பாண்டியன் இளங்கோக்குடிக் கோயிலுக்கு 290 காசு கொடுத்ததாக இருக்கிறது. இளங்கோக்குடிதான் இன்றைய அம்பாசமுத்திரம். முதலைத் தொடக்கூடாது, வட்டியாகக் காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் அளக்க வேண்டும். ஆக 580 கலம். ராஜாவே காசைப் போட்டு நெல்லாக வாங்கியிருக்கிறான் என்றால், அந்த வயலின் மேல் எவ்வளவு நம்பிக்கை! அதே பூமியில் இன்று மனைப்பிரிவு விளம்பரப் பலகை.

"ஆத்தோடயே கடல் வரைக்கும் போனா?"

அது தனிப் பயணம், இன்னும் மூன்று நாள். ஸ்ரீவைகுண்டம், ஆதிச்சநல்லூர், சிவகளை, ஆழ்வார்திருநகரி, புன்னக்காயல். சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலத்தைக் கணித்தபோது கி.மு. 1155 என்று வந்தது. இந்த ஆற்றங்கரையில் நெல்லுக்கு வயது 3,200 வருடம். மேற்கே பார்த்துவிட்டுக் கிழக்கே போங்கள், தண்ணீர் போகிற வரிசையில்.

"ராத்திரி ரயில் திருநெல்வேலியில. சாயங்காலம் என்ன பண்றது?"

குறுக்குத்துறை போய்விடுங்கள். ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் இருக்கிற முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் முங்கும், அதற்கு முன்பே உற்சவரைக் கரைமேல் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள். மேற்கே நீங்கள் பார்த்துவிட்டு வந்த மதகுகளைத் தாண்டி மிஞ்சிய தண்ணீர்தான் அது. அல்வாவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், ஜங்ஷன் பக்கம் ரயில் நேரம் வரை கடை திறந்திருக்கும்.